ஊசி போட்ட கை

ஊரெல்லாம் பேருந்து ஓட்டியவருக்கு ரத்தத்தைக் கண்டால் தலை சுற்றும். ஆனாலும் மனைவிக்கு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியதும், ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் தினமும் போட வேண்டிய ஹெபாரின் ஊசியை அவரே போட்டார். முதல் நாள் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"பஸ்ஸையும் இப்படித்தான் ஓட்டுனீங்களா?" என்றாள் மனைவி.

கை பழகிவந்த நேரத்தில் அவளுடைய கால் வீங்கிச் சிவந்தது. அள்ளிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்.

ரத்தப் பரிசோதனையைப் பார்த்ததுமே டாக்டருக்குச் சந்தேகம் தட்டியது. "ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு பாதிக்கு மேல குறைஞ்சிருக்கு, ஆனா கால்ல ரத்தம் உறைஞ்சிருக்கு. ஹெபாரின் தட்டணுவோட புரதம் ஒண்ணுல போய் ஒட்டிக்கும். அபூர்வமா சிலர் உடம்பு அதை எதிரின்னு நினைச்சு ஆன்டிபாடி உண்டாக்கும். அது தட்டணுவை உசுப்பிவிட்டு, ரத்தத்தை உறைய வச்சிடும். இனி இவங்களுக்கு ஹெபாரின் ஒரு சொட்டுகூட ஆகாது. வேற மருந்து கொடுக்கிறோம்."

அவர் வராந்தாக் குழாயில் கையைக் கழுவினார். மறுபடியும் கழுவினார். கட்டிலருகே வந்தும் அவளைத் தொடவில்லை.

"என்னங்க, தள்ளியே நிக்கிறீங்க?"

"என் கையாலதானே உனக்கு இப்படி ஆச்சு."

"நான்தானே தினமும் வயித்தைக் காட்டினேன்? பழியில பாதி எனக்கும் கொடுங்க. இப்படி வந்து உக்காருங்க."

உட்கார்ந்தார். அப்போது நர்ஸ் ஒரு சிரிஞ்சோடு வந்து, அவள் கையில் மருந்து ஏற்றச் செருகியிருந்த குழாயின் மூடியைத் திறந்தாள். அவர் சட்டென்று எழுந்து குறுக்கே கையை நீட்டினார்.

"இதுல ஹெபாரின் இருக்காம்மா?"

"இல்லங்க, குழாய் அடைக்காம இருக்க வெறும் உப்புத்தண்ணி. இவங்களுக்கு அது கூடாதுன்னு எங்களுக்கும் சொல்லிட்டாங்க." நர்ஸ் கோபப்படவில்லை. சிரிஞ்சின் மேலிருந்த சீட்டைத் திருப்பிக் காட்டினாள். எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்த பிறகே கையை எடுத்தார். குழாய்க்குள் துளி ரத்தம் ஏறி இறங்கியது. அவர் முகம் வெளுத்தாலும் பார்வையை விலக்கவில்லை.

நாள் போகப் போகத் தட்டணுக்கள் ஏறின, வீக்கம் வடிந்தது. மாத்திரைகளோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

திரும்பும் வழியில் காரை ஊர்வதுபோல் ஓட்டினார். பின்னால் வந்தவர்கள் ஒலிப்பானை அலறவிட்டார்கள்.

"நடந்தே போயிருக்கலாம் போலிருக்கே," என்றாள் மனைவி.

"அடுத்த மாசம் நடக்கலாம். இப்ப காலை நீட்டி உக்காரு."

அவள் சிரித்துக்கொண்டே காலை நீட்டிக்கொண்டாள்.