மாரப்பன் மொழிபெயர்த்த இந்திச் செய்திகள்

1

போன மாதம் அம்மாவும் இறந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் போனபின், பரணில் கிடந்த கறுப்பு வெள்ளை டிவியைக் காயலான் கடைக்காரரிடம் எடுத்துப்போகச் சொன்னேன். அந்தக் குற்ற உணர்ச்சியில்தான் இதை எழுதுகிறேன். இலக்கியத்துக்கு வேறு பெரிய காரணம் இல்லை.

மூடுபனி மஞ்சூரை மெல்லப் போர்த்தி

(வேண்டாம். பனியில் கதை தொடங்குவது சுற்றுலா வந்தவர்களின் பழக்கம்.)

2

மறுபடி. இரண்டாயிரமாம் ஆண்டு. பச்சைத் தேயிலை விலை விழுந்து, பறிக்கிற கூலிக்கே கட்டாத காலம். எங்களுக்கு நீலகிரி மஞ்சூரில் ஒரு ஏக்கர் தோட்டம். அதை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விடலாம் என்று அம்மா மருதாம்பாள் மூட்டை கட்டிவிட்டார். அப்பா மாரப்பன் மறுக்கவில்லை. செய்தி பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்.

எட்டரைக்கு டெல்லியிலிருந்து இந்திச் செய்தி வரும். வீட்டில் யாருக்கும் இந்தி தெரியாது. அப்பாவுக்கும்தான். ஆனால் மொழிபெயர்த்தார்.*

"வர்ற மாசம் தேயிலை வெல ஏறுதாமா."

* 'ஏமாற்றுக்காரர்' என்று எழுதி அடித்தேன். 'நம்பிக்கைவாதி' என்று எழுதி அதையும் அடித்தேன். அது இன்னும் மோசமாக இருந்தது.

3

ஒரு நாள் திரையில் வெள்ளம். படகுகள்.

"வெளிநாட்டுக்குத் தேயிலை ஏத்தறாங்க, மருதா."

"ஏனுங்க, கூடவே எருமையையும் ஏத்தறாங்களே?"

"பால் இல்லாம வெறும் தேயிலைய வச்சு என்ன பண்ணுவாங்க?"

அம்மா சிரிக்கவில்லை. மூட்டையைப் பிரித்து நாலு பாத்திரம் எடுத்துக் கழுவினார்.

(முதல் பிரதியில் அம்மா வெகுளி. அவர் சந்தையில் கேரட் வாங்குவதைப் பார்த்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்பதால் நீக்கினேன்.)

4

பிறகு அப்பாவுக்குத் தொண்டை கட்டியது. மப்ளருக்குள்ளிருந்து வெறும் காற்று. செய்தி வாசிக்கும் பெண் பேசிக்கொண்டே போனார். எங்கள் வீட்டில் தமிழ் வரவில்லை. அப்பா திரையைப் பார்க்கவில்லை; மூட்டையைப் பார்த்தார்.

அம்மா செருமினார்.

"வெல ஏறுதாமுங்க. அடுத்த மாசமே."

இதை நம்பாதவர்கள் அந்த அறையில் இருந்த மற்ற இருவரிடம் கேட்டுக்கொள்ளலாம். எனக்கு அந்த வசதி இப்போது இல்லை.

5

திருப்பூர் போனோம் என்று ஒரு முடிவும், விலை ஏறியது என்று ஒரு முடிவும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் இருவரில் ஒருவர் முட்டாளாகிறார். கிழித்துவிட்டேன்.

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். அத்தனை செய்திகளையும் சொந்தமாக உண்டாக்கிய மனிதர், குரல் இல்லாமல், கையை மலர்த்தி அம்மாவிடம் கேட்கிறார்: கிலோவுக்கு எவ்வளவாம்?

அம்மா விரல்களை உயர்த்துகிறார். எத்தனை என்று நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கஞ்சத்தனம் மட்டும் பண்ணாதீர்கள்.