ஏரிக்கரையில் செபாஸ்தியான்

செலினாவுக்கு வல்டோரா பழக்கமானது கல்யாணத்துக்கு முன்பே. வல்டோரா ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. மந்திரவாதிகளும் பாம்பரசர்களும் இடிந்த கோட்டைகளும் நிறைந்த ஓர் உலகம். ஐந்து பாகங்கள் வந்திருந்தன. ஐந்திலும் ஆடுகிறவர் ஒருவர்தான். தொடக்கத்தில் ஒரு கிழட்டு மந்திரவாதி குகையிலிருந்து வெளியே வந்து, "இந்த உலகத்தைக் காப்பாற்ற உன் ஒருத்தியால்தான் முடியும்" என்பான். கள்ளக்குறிச்சியில் ஒரு பரிசோதனை நிலையத்தில் நாள் முழுக்க ஊரார் ரத்தத்தை எடுத்துவிட்டு தியாகதுருகத்துக்கு பஸ்ஸில் நின்றபடியே திரும்பும் ஒருத்திக்கு அதைக் கேட்பதில் ஓர் ஆறுதல் இருந்தது. ஐந்து பாகத்திலும் அவள் உலகத்தைக் காப்பாற்றியிருந்தாள். தெருவில் யாருக்கும் தெரியாது.

கணவன் செபாஸ்தியான் ஆடமாட்டான். பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, வேர்க்கடலை உடைத்துக்கொண்டே யோசனை சொல்வான்.

"அந்தக் கதவத் தொறக்காத. உள்ள எவனோ கீறான்."

அவள் திறப்பாள். உள்ளே எவனோ இருப்பான். "சொன்னேன்ல" என்று செபாஸ்தியான் அடுத்த கடலையை எடுப்பான். அவர்கள் குடும்பம் நடத்திய விதத்தில், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அடுத்தபடியாகச் சேர்ந்து செய்த காரியம் இதுதான்.

ஜூன் மாதம் அவனைக் கல்வராயன் மலைக்கு மாற்றினார்கள். வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே, ஒரு பள்ளி விடுதியில் அலுவலக உதவியாளர் வேலை. சனிக்கிழமை இறங்குவான், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறுவான். அங்கிருந்து போனில் பேசினால் பாதிப் பேச்சு காற்றோடு போய்விடும். விடுதித் தண்ணீர்த் தொட்டியின் படிக்கட்டில் உட்கார்ந்தால் மட்டும் இன்டர்நெட் கொஞ்சம் கிடைக்கும்.

வல்டோரா ஆன்லைன் வெளிவந்ததும் அந்தச் சமயத்தில்தான். கம்ப்யூட்டரிலும் ஆடலாம், போனிலும் ஆடலாம். உலகத்தில் யாரோடு வேண்டுமானாலும் சேர்ந்து ஆடலாம். செலினாவுக்கு அதில் நம்பிக்கையில்லை.

"ஒரு கதைக்குள்ள ஊரே பூந்துட்டா அது கதையா, சந்தையாங்க?"

"இன்னா இப்போ, வாங்கு. நானும் வரேன்" என்றான் செபாஸ்தியான். "தனியா ஆடிக்கினு யாருக்கு லாபம்?"

வாங்கினாள். முதல் நாள் குகை வாசலுக்குப் போனபோது அங்கே ரேஷன் கடை போலக் கூட்டம். எல்லோரும் உலகத்தைக் காப்பாற்ற வந்தவர்கள். ஒருவன் மந்திரவாதியின் தலைமேல் ஏறி நின்று நடனமாடிக்கொண்டிருந்தான். மந்திரவாதி அதைப் பொருட்படுத்தாமல், வந்த ஒவ்வொருவரிடமும் "உன் ஒருவனால்தான் முடியும்" என்று சொல்லிக்கொண்டிருந்தான். செலினாவுக்கு முகம் சுண்டிவிட்டது. இத்தனை வருஷமாகத் தன்னிடம் சொன்னதும் இந்த லட்சணம்தானா என்றிருந்தது.

செபாஸ்தியான் ஆடிய ஆட்டம் தனி. அதுவரை வாயாலேயே ஆடியவனுக்குக் கை வரவில்லை. முதல் பாலத்திலேயே ஆற்றில் விழுந்தான். எழுந்து வந்து மறுபடி விழுந்தான். பாம்பரசனின் கோட்டைக்குக் கிளம்பிய கூட்டம் ஒன்று அவனைச் சேர்த்துக்கொண்டு, அவன் கோட்டைக் கதவில் முட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு, ஓட்டுப் போட்டு வெளியேற்றியது. அவனுக்கு அதில் வருத்தம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. கோட்டைக்குக் கீழே ஓர் ஏரி இருந்தது. அங்கே தூண்டில் போடலாம். தூண்டிலைப் போட்டுவிட்டு, மிதவை அமுங்கும்போது திரையைத் தொட்டால் மீன் வரும். செபாஸ்தியான் அங்கேயே தங்கிவிட்டான்.

செலினா பாம்பரசனைக் கொன்றாள். மறுநாள் போனால் அவன் உயிரோடு உட்கார்ந்திருந்தான். வேறு கூட்டம் கொன்றுகொண்டிருந்தது. இதற்குப் பழைய பாகங்களே மேல், மாதச் சந்தா முடிந்ததும் நிறுத்திவிடலாம் என்று முடிவு செய்தாள். ஆனாலும் தினம் சாயங்காலம் ஏரிக்கரைக்குப் போய் அவன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் வெளியே வருவாள். பேச்சு பெரிதாக இருக்காது. "சாப்டீங்களா" என்று தட்டுவாள். "ம்" என்று வரும்.

நவம்பரில் விடாத மழை. ஒரு சனிக்கிழமை காலை செபாஸ்தியானிடமிருந்து "ரோட்டுல மண் சரிஞ்சிகிச்சி. பஸ் இல்ல. வரல" என்று ஒரு செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கூப்பிட்டால் போகவில்லை. அனுப்பிய எதையும் அவன் பார்க்கவில்லை. மத்தியானம்வரை பொறுத்தவள் கம்ப்யூட்டரைத் திறந்தாள். ஏரியில் அன்று மீன்பிடித் திருவிழா. கூட்டத்துக்கு நடுவில் செபாஸ்தியான் நிம்மதியாகத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான்.

அவளுக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. மற்றவர்கள் பார்க்காதபடி அவனுக்கு மட்டும் தட்டினாள்: "மீன் புடிக்க மட்டும் டவர் கெடைக்குதா?"

"தப்புதாங்க" என்று வந்தது.

செலினா அதை இரண்டு தடவை படித்தாள். செபாஸ்தியான் தப்பை ஒத்துக்கொண்டு அவள் பார்த்ததில்லை. 'ங்க' போட்டும் பார்த்ததில்லை. மலைக்காற்று ஆளை மாற்றிவிடும் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?"

"எனக்கு ஒரு நோவும் இல்லீங்க. நீங்க நல்லா கீறீங்களா?"

அப்படி ஒருவர் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. அவள் தட்ட ஆரம்பித்தாள். அவன் மலைக்குப் போனதிலிருந்து ராத்திரியில் சோறு இறங்கவில்லை என்றாள். ஒரு ஆளுக்கு உலை வைக்கவே கை வரவில்லை, பாதி நாள் பிஸ்கட்டோடு படுத்துவிடுவதாகச் சொன்னாள். வேலை செய்யும் இடத்தில் தன் ரத்தத்தையே எடுத்துப் பார்த்ததையும், ரத்தம் கம்மியாக இருப்பதையும், இதையெல்லாம் சொல்லக்கூடாது என்று இருந்ததையும் சொன்னாள். கடைசியில், நேரில் அவனிடம் என்றுமே சொல்லியிராத ஒன்றையும் தட்டினாள்: "நீங்க பக்கத்துல இல்லாம எனக்கு எதுவுமே நல்லால்ல."

ஒரு மீன் வந்தது. கூடைக்குள் போனது. பிறகு பதில் வந்தது.

"இதோ சொல்றேங்க."

யார், யாரிடம், எதைச் சொல்வது என்று அவளுக்குப் புரியவில்லை. கேட்டுப் பார்த்தாள். பதில் இல்லை. மிதவை அமுங்கி அமுங்கி எழுந்தது. தொடுவதற்கு ஆள் இல்லை.

மறுநாள் மத்தியானம் செபாஸ்தியான் வாசலில் நின்றான். முழங்கால்வரை சேறு. மண் சரிந்த இடத்தை நடந்தே தாண்டி, கச்சிராயபாளையத்துக்கு இறங்கி பஸ் பிடித்திருக்கிறான்.

"நீ சோறு துன்றதில்லியாமே" என்றான்.

"நேத்து நான்தான சொன்னேன்."

"எங்கிட்ட எங்க சொன்ன? வேடியப்பன் கிட்ட சொல்லிகீற."

"யாரு வேடியப்பன்?"

விடுதியில் சமைக்கிறவர் என்றான். மழைக்குப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போய்விட்டார்கள், அவருக்கு வேலையில்லை. ரோட்டில் விழுந்த மரத்தை வெட்ட ஆள் கூப்பிட்டார்கள். கரையை விட்டு எழுந்தால் திருவிழாவில் இடம் போய்விடும் என்று போனை அவரிடம் கொடுத்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனான். அவர் படிக்கட்டில் குடையைப் பிடித்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டார்.

செலினா அடுப்படிக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றாள். கடைசியாகத் தட்டிய வரி வார்த்தை மாறாமல் நினைவுக்கு வந்தது.

"எல்லாத்தையுமா சொன்னாரு?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"மரம் வெட்டுற எடத்துக்கே வந்துட்டாரு. 'அங்க அண்ணி பட்டினி கெடக்குறாங்க, இங்க நீங்க மரத்த அறுத்துக்கினு கீறீங்களே சார்'னு எல்லார் முன்னாடியும் திட்னாரு. கடைசியா நீ சொன்னத மட்டும் தனியா கூப்ட்டு சொன்னாரு."

அதைச் சொல்லும்போது செபாஸ்தியான் காலிலிருந்த சேற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அத ஒங்ககிட்டயே சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

அவன் நேர்மையாக யோசித்தான்.

"ம்னு தட்டியிருப்பேன்" என்றான்.

அவள் இரண்டு பேருக்கு உலை வைத்தாள். முட்டைக் குழம்பு. அவன் குளித்துவிட்டு வந்ததும் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவள் மறுசோறு போட்டுக்கொண்டாள். அவன் பார்த்தும் பார்க்காததுபோல் குழம்பை நகர்த்தி வைத்தான்.

"வந்து சேந்துட்டேன்னு வேடியப்பனுக்கு சொல்லணும்" என்றான்.

"போன் எங்க?"

"அவரு கிட்டதான். மழைல நனஞ்சிடும்னு வுட்டுட்டு வந்துட்டேன். திருவிழாவும் இன்னும் முடியல."

செலினா கையைக் கழுவிவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தாள். வீட்டில் ஒரு செபாஸ்தியான் பல் குத்திக்கொண்டிருந்தான். ஏரிக்கரையில் ஒரு செபாஸ்தியான் தூண்டிலோடு இருந்தான். வேறு நாட்டுக்காரர்கள் சுற்றிலும் குதித்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வந்துட்டாருங்க. ரெண்டு பேரும் சாப்டோம்" என்று தட்டினாள்.

"நல்லதுங்க" என்று வந்தது. உடனே இன்னொன்று: "பெரிசு ஒண்ணு இழுக்குது. அப்பறம் பேசறேங்க."