பொட்டு வெக்காம போன பீஸு

ஆயுத பூஜை அன்னிக்கு எங்க கம்பெனில பொட்டு வாங்காத பொருளே கெடையாது. லேத்து, ட்ரில்லு, கம்ப்ரெஸரு, கக்கூஸ் மோட்டரு வரைக்கும் சந்தனம், குங்குமம். மொதலாளி வசந்தகுமார் சார் தட்ட எடுத்துக்குனு கெளம்பிட்டார்னா நிக்க மாட்டாரு. எனக்கு அதுல ஒரு கோவமும் இல்ல. நான் சர்ச்சுக்குப் போறவ, ஆனா பொரி கடலைய மட்டும் ரெண்டு கையால அள்ளிக்குவேன்.

அந்த வருஷம் அந்த மனுஷன் எதுக்குப் பொட்டு வெச்சாரு தெரியுமா? நிலாவுக்குப் போற பீஸுக்கு!

நிலாவச் சுத்தி வந்து படம் புடிக்கிற கலம். ஆளு கெடையாது, எல்லாம் மெஷினுதான். அதுல கேமராவத் தாங்கிப் புடிக்கிற அலுமினிய பீஸ எங்க தேர்வாய் கண்டிகை கம்பெனிக்குக் குடுத்திருந்தாங்க. கம்ப்யூட்டர்ல ஓடுற சிஎன்சி மெஷின்ல அத வெட்டுனது நான், சோனியா. எங்கம்மா கன்னியம்மா, சாரோட அப்பா நெலத்துல நாத்து நட்டவங்க. "எம்பொண்ணு செஞ்சது நிலாவுக்குப் போவுது"ன்னு தெருவுல ஒருத்தர் பாக்கி இல்லாம சொல்லி வெச்சிருந்தாங்க.

பூஜை முடிஞ்சு வேலைக்கு வந்து பாக்குறேன், பீஸோட உறையப் பிரிச்சு, நட்ட நடுவுல சந்தனமும் குங்குமமும். ஸ்குரு ஓட்டைக்குள்ளல்லாம் பொடி எறங்கிக் கெடக்கு.

"இன்னா சார் பண்ணி வெச்சிருக்கீங்க?"

"நல்லபடியா போய்ச் சேரட்டும்னுதாம்மா..."

"தொடைக்க ஆளே இல்லாத எடம் சார் அது! ராக்கெட்டு குலுங்குறப்ப இந்தப் பொடி கெளம்புனா நேரா கேமரா கண்ணுலதான் போய் ஒக்காரும்!"

கலம் செய்யிற எடத்துலேர்ந்து செக்கிங்குக்கு வந்தவங்க அதத் தொடக்கூட இல்ல. கழுவித் தர்றோம்னு சார் கெஞ்சிப் பாத்தாரு, ஆவல. வேற செஞ்சு குடுங்க, இல்லாட்டி வேற கம்பெனிக்குக் குடுத்துடுவோம்னுட்டாங்க. அந்த ரக அலுமினியக் கட்டி எங்ககிட்ட மிச்சம் இருந்தது ஒண்ணே ஒண்ணு. அதுவும் போச்சுன்னா நிலாவும் போச்சு, எங்கம்மா தெருவுல தலை காட்ட முடியாது.

சார் மொகம் சுண்டிப்போச்சு. பாவமாத்தான் இருந்துச்சு, ஆனா வயித்தெரிச்சல் அதுக்கு மேல. "நான் முடிக்கிற வரைக்கும் நீங்க மெஷின் ஷாப்புக்குள்ள கால் வெக்கக் கூடாது"ன்னுட்டேன். சொன்னப்புறம்தான் யார்கிட்ட சொல்றோம்னே ஒறைச்சுது. அந்த மனுஷன் நேரா வெளிய போய்ட்டாரு. கேட்டுல செக்யூரிட்டி தேசப்பன் அண்ணன் பக்கத்துல ஸ்டூலப் போட்டு ஒக்காந்துட்டாரு. சொந்தக் கம்பெனி வாசல்ல! டீ கூட அங்கியேதான்.

வெட்டுனேன். கட்டர் மாத்துறப்பல்லாம் ஏசப்பா ஏசப்பான்னு சொல்லிக்குவேன், நடுவுல சாரையும் நாலு திட்டு திட்டிக்குவேன். பீஸு பாஸாச்சு. அப்புறம்தான் சார் உள்ள வந்தாரு.

அடுத்த வருஷம் கலம் மேல கெளம்புச்சு. அது நிலாவச் சுத்துற வட்டப் பாதைல சேர்ற அன்னிக்கு மத்தியானம், கேன்டீன் டிவி முன்னாடி எல்லாரும் கூடிட்டோம். கலம் நிலாவுக்குப் பின்னாடி போச்சு, சிக்னல் கட்டு. அங்க எஞ்சின் எரிஞ்சு வேகத்தக் கொறைக்கணும், இல்லன்னா நிலாவத் தாண்டி எங்கியோ போய்டுமாம். பேக்கிங் ஈஸ்வரி என் கையப் புடிச்ச புடில நகம் பதிஞ்சுபோச்சு. திரும்பிப் பாத்தா, சார் வாசல்லயே நிக்கிறாரு.

"உள்ள வாங்க சார்."

"வேணாம்மா, நான் வந்து எதுனா ஆயிடப் போவுது."

"அட பேஜாரு பண்ணாம வாங்க சார்!"

அவரு உள்ள கால் வெக்கிறாரு, டிவில ஒரே கைதட்டல். சிக்னல் வந்துடுச்சு! ஈஸ்வரி விசிலடிச்சா. நான் அழுதுட்டேன், எனக்கு இன்னா வெக்கம்?

அப்புறம் மொத படமும் வந்துச்சு. குழி குழியா, மேடு மேடா, சின்னக் கல்லோட நெழலு கூடத் தெரியுது. சார் டிவில மூக்கு ஒட்டுற அளவுக்குக் கிட்டப் போய்ப் பாத்தாரு. "ஒரு தூசி இல்ல சோனியா"ன்னாரு. எங்கம்மாவுக்கு போன் போட்டா, "தெருவே நம்ம ஊட்லதான் இருக்குது, அப்புறம் பேசு"ன்னு வெச்சுட்டாங்க.

நான் லாக்கர்ல போட்டு வெச்சிருந்த அந்தப் பழைய பீஸ எடுத்தாந்து டிவி கிட்ட வெச்சேன். சந்தனம் காஞ்சு உதிர்ந்துபோயிருந்துச்சு. சார் ஓடிப்போய் பூஜைத் தட்ட எடுத்தாந்தாரு. வெரல்ல குங்குமத்தத் தொட்டுக்குனு, அப்டியே நின்னு என் மொகத்தப் பாக்குறாரு.

"வெக்கட்டுமாம்மா?"

"நல்லா வைங்க சார். இது இங்கதான இருக்கப் போவுது."