ஐம்பது ஐம்பதாக

ஸ்தெர்யோஸ் எனக்குத் தரவேண்டியது ஆயிரத்து இருநூற்று நாற்பது யூரோ. மலைமேல் அவன் கட்டிய விடுதிக்கு உள்சுவர் பூசிய கூலி. நான்கு வருடமாக எங்கள் ஊர் வோலோஸின் கடைத்தெருவில் என்னைத் தூரத்தில் கண்டாலே எதிர்ச்சாரிக்குப் போய்விடுவான். நானும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். அப்போது ஊரில் யாரும் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை.

நாட்டில் பணம் தீர்ந்து அரசாங்கம் பேங்குகளை மூடிய திங்கட்கிழமை காலையில் அவனே என் வாசலில் வந்து நின்றான், கையில் ஒரு பெட்டி இனிப்போடு.

"சாராண்டிஸ் மேஸ்திரி, உன் கணக்கு நம்பரச் சொல்லு. மொத்தத்தையும் இப்பவே போன்ல போட்டு விட்டுடறேன்."

ஒரு கணம் எனக்குக் கண் கலங்கியது. அப்புறம்தான் புரிந்தது. ஊரெல்லாம் ஒரே பேச்சு: யூரோ போகும், எங்கள் பழைய நாணயம் திராக்மா திரும்பும், அதற்கு முன்னால் பேங்கில் இருக்கும் பணத்திலெல்லாம் ஒரு பங்கை வெட்டி மொட்டையடிப்பார்கள் என்று. ஏ.டி.எம். மெஷினில் ஒரு நாளைக்கு ஓர் ஆளுக்கு அறுபதுக்கு மேல் வராது. ஆனால் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு எவ்வளவு வேண்டுமானாலும் தள்ளலாம். விழுகிற மொட்டை என் தலையில் விழட்டும் என்றுதான் இனிப்போடு வந்திருக்கிறான்.

"நான் உனக்குச் சுவர் பூசினது போன்லயாடா? நோட்டாக் குடு" என்றேன்.

"நோட்டு இருந்தா உங்கிட்ட ஏன் வரேன்?"

அதில் பொய் இல்லை. அவன் சட்டைக் காலர் நைந்து நூல் தொங்கியது. வராமலே போவதற்கு இது மேல் என்று நம்பரைச் சொன்னேன். போகும்போது யோசனையும் இலவசமாகக் கொடுத்தான். நானும் இதை வைத்திருக்கக் கூடாதாம், யாருக்குக் கடன்பட்டிருக்கிறேனோ அவர் தலையில் தள்ளிவிட வேண்டுமாம், எல்லோரும் அதைத்தான் செய்கிறார்களாம்.

நான் கடன்பட்டிருந்தது மோர்ஃபூலாவிடம். எங்கள் தெரு முனையில் மளிகைக் கடை வைத்திருப்பவள். என் மனைவி படுக்கையில் கிடந்த வருடத்திலும், வேலையே இல்லாத அடுத்த வருடத்திலும் ரொட்டியும் எண்ணெயும் பாலும் அவள் கொடுத்ததுதான். எண்ணூறு ஆகியிருந்தது. ஒருநாளும் கேட்டதில்லை.

மறுநாள் நான் போனபோது பால் வண்டிக்காரன் பெட்டிகளைத் திரும்ப வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். கையில் காசு வாங்காமல் இறக்காதே என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்களாம், தன்மேல் கோபப்படாதே அக்கா என்றான். கடைக்குள் குளிர்பெட்டி காலியாக, உள்ளே விளக்கு மட்டும் எரிய, இரைந்துகொண்டிருந்தது. பால் இல்லாத கடைக்கு ரொட்டி வாங்கவும் ஆள் வராது. இன்னும் பத்து நாள் இப்படிப் போனால் அவள் கதவைச் சாத்த வேண்டியதுதான். நான் கணக்கில் போடுகிற விஷயத்தைச் சொன்னேன்.

"போடு, சாராண்டிஸ். திரும்பி வர்ற கடன வேண்டாம்னு சொல்ற அளவுக்கு நான் பணக்காரி இல்ல" என்றாள். சொல்லிவிட்டு அந்தக் காலிப் பெட்டியையே பார்த்தாள்.

பால்காரன் வாங்காத பணத்தை அவள் கணக்கில் தள்ள என்னால் முடியவில்லை. நாளைக்கு வருகிறேன் என்று வந்துவிட்டேன்.

அன்று முதல் விடியும்போதே மெஷின் வரிசையில் நின்றேன். மெஷினில் இருபது யூரோத் தாள் தீர்ந்து, ஐம்பது தாள் மட்டும்தான் இருந்தது. அறுபது என்று பேர், கைக்கு வந்தது ஐம்பதுதான். அதை அப்படியே கொண்டுபோய் மோர்ஃபூலாவிடம் கொடுப்பேன். அவள் பால் வண்டிக்காரனிடம் கொடுப்பாள். நான் தக்காளியும் காய்ந்த ரொட்டியுமாக ஓட்டினேன். பணம் மொட்டையடிக்கப்படும் முன் முடித்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில். நாட்டுக்குக் கடன் கொடுத்தவர்களின் நிபந்தனைகளை ஏற்கலாமா என்று அரசாங்கம் வைத்த ஓட்டெடுப்பைப் பற்றி வரிசையில் ஆட்கள் சண்டை போட்டார்கள். 'வேண்டாம்' ஜெயித்தது. வரிசை குறையவில்லை.

ஸ்தெர்யோஸும் அதே வரிசையில் நின்றான். "ஒரு நிமிஷத்துல முடியற வேலைய ஒரு மாசம் பண்றான் பாரு. இவன் பூசின சுவரும் இப்படித்தான்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வான். ஆனால் என் முட்டி வலியைப் பார்த்துவிட்டு வீட்டிலிருந்து ஒரு மடக்கு நாற்காலி கொண்டுவர ஆரம்பித்தான். நான் உட்கார, அவன் என் இடத்தையும் சேர்த்து நகர்த்துவான்.

கடைசி ஐம்பது மட்டும் பாக்கி இருந்த காலையில் அவன் எனக்கு முன்னால் இருந்தான். எடுத்துக்கொண்டு நகர்ந்தான். நான் அட்டையைச் செருகினேன். மெஷின் அதை வெளியே தள்ளியது. உள்ளே பணம் தீர்ந்துவிட்டது. பின்னால் நின்றவர்கள் முனகியபடி கலைந்தார்கள். நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஸ்தெர்யோஸ் தன் நோட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"இந்தா, பிடி."

"நாளைக்கே உன் கணக்குல போட்டுடறேன்" என்றேன், யோசிக்காமல்.

அவன் சிரித்த சிரிப்பில் தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பேங்குலயா? நோட்டாக் குடு மேஸ்திரி."

மோர்ஃபூலா அந்த நோட்டை வாங்கி மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவினாள். "தீர்ந்துது" என்றாள், அவ்வளவுதான். பால் வண்டிக்காரன் பெட்டிகளை உள்ளே இறக்கினான். அவள் ஒவ்வொரு பாட்டிலாக அடுக்கினாள். குளிர்பெட்டியின் கண்ணாடி மெல்லப் பனித்தது. அதன் வழியே தெரு கலங்கலாகத் தெரிந்தது. எதிர்ச்சாரியில், மடக்கு நாற்காலியை நிழலில் போட்டு உட்கார்ந்து, என்னைப் பார்க்காததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான் ஸ்தெர்யோஸ்.