ரன்வேயில் சொல்லாத வரி

அரியலூரில் பஸ் ஏறியதிலிருந்து சிந்து ஒரே வரியைத்தான் மனதுக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டிய வரி. அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு, இன்றைக்குப் பெரம்பலூரில் பஸ் மாறும்போதுகூட முணுமுணுத்து என்ன பிரயோஜனம்?

விமானம் ஓட்டப் படிக்கிற பெண் அவள். அந்தப் பயிற்சிப் பள்ளியின் விமான மைதானம் சின்னது, கட்டுப்பாட்டுக் கோபுரம் கிடையாது. ரன்வேயில் நுழைகிறவரும் இறங்குகிறவரும் ரேடியோவில் தாங்களே அறிவிக்க வேண்டும். அதைக் கேட்டுத்தான் மற்றவர்கள் ஒதுங்குவார்கள்.

சிந்து பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் தமிழில் படித்தவள். அவள் "டேக் ஆஃபு" என்று இழுத்தால் ஹாஸ்டல் மெஸ்ஸில் அன்று இரவே அது திரும்பி வரும். எல்லாரையும்விட நன்றாக நடித்துக் காட்டுகிறவன் வேப்பந்தட்டை முத்தமிழ்செல்வன். பக்கத்து மாவட்டத்துக்காரன் என்று பெயர், வாய் மட்டும் அடங்காது. ரேடியோவில் பயிற்சியாளர் "சே அகெய்ன்" என்று மறுபடி சொல்லச் சொன்னால் அவளுக்கு உள்ளங்கை வியர்க்கும், எல்லா விமானத்திலும் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்களே. அதனால் மூன்று முறை பேச வேண்டிய இடத்தில் ஒரு முறை பேசப் பழகிக்கொண்டாள்.

விபத்து நடந்த அன்று காலை வெயில் கண்ணில் அடித்தது. பார்த்தாள், வானத்தில் எதுவும் தெரியவில்லை. ரேடியோவில் பேசாமலே ரன்வேயில் நுழைந்தாள். இறங்கிக்கொண்டிருந்த முத்தமிழின் விமானம் அவளுடைய விமானத்தின் வாலை இடித்துக்கொண்டு புல்லில் போய்க் கவிழ்ந்தது. அவளுக்கு ஒரு கீறல் இல்லை, அவனுக்கு இடது கால் இரண்டு இடத்தில் உடைந்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி, ரேடியோவில் அறிவித்தாயா என்று கேட்டபோது, "யெஸ் சார்" என்று பயத்தில் சொல்லிவிட்டாள். அங்கே ரேடியோ பேச்சைப் பதிவு செய்யும் வழக்கமில்லை.

வேப்பந்தட்டை வீட்டில் முத்தமிழின் அம்மா லீலாவதி வாசலுக்கே வந்து சிந்துவின் கையைப் பிடித்துக்கொண்டார். காபி கொடுத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "இவன் கவனக்கொறைவால ஒனக்கு ஒண்ணும் ஆவாம போச்சே கண்ணு, அதுவே போதும்" என்றார். சிந்து காபியைக் கீழே வைத்தாள்.

அம்மா உள்ளே போனதும், அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று முத்தமிழிடம் கேட்டாள். கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான். அவள் அறிவித்தது தன் காதில் விழுந்ததாகவும், தான்தான் அசட்டையாக இறங்கிவிட்டதாகவும் அதிகாரிக்கு எழுதிக் கொடுத்துவிட்டானாம். நாளை அறிக்கையை முடிக்கிறார்களாம். அது அப்படியே முடிந்தால் அவன் இனிமேல் பறக்க முடியாது.

"நான் சொல்லவே இல்லியே முத்தமிழ்."

"தெரியும். ஏன் சொல்லலன்னும் தெரியும்." அவன் நிமிரவில்லை. "நான் நடிச்சுக் காட்டுனதுக்கு எல்லாரும் சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச. ஒனக்கு வலிக்கலன்னு நெனச்சுட்டேன்."

சிந்துவுக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. கேலி செய்ததும் இவனே, இப்போது தியாகி வேஷம் கட்டுவதும் இவனே. அதற்கு மேல் தன்மேல் வந்தது. இரண்டு உயிர் போயிருக்கும், நாலு பேர் சிரிப்புக்குப் பயந்து. பஸ்ஸில் முணுமுணுத்த வரியை வாய்விட்டுச் சொன்னாள், விமானத்தின் அழைப்புப் பெயர் முதல் முழுசாக, தன் இழுப்போடு.

"விக்டர் கிலோ, என்டரிங் ரன்வே, டேக் ஆஃபு."

அவன் சிரிக்கவில்லை. "இதக் கேட்டிருந்தா எறங்காம மேல தூக்கிட்டுப் போயிருப்பேன்" என்றான்.

அவள் போனை எடுத்து அதிகாரியை அழைத்தாள். அவருக்குத் தமிழ் தெரியாது. தான் ரேடியோவில் அறிவிக்கவில்லை, அன்று சொன்னது பொய், முத்தமிழ் எழுதியதும் உண்மையில்லை என்று தனக்கு வந்த ஆங்கிலத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"சே அகெய்ன்" என்றார் அவர்.

உள்ளங்கை வியர்த்தது. போனை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, முன்னைவிட உரக்க, முதலிலிருந்து சொன்னாள்.