முந்தித் திருப்பிய ஸ்டீயரிங்

மிச்சிகன் ஏரியின் மேல் ஆணை, இதில் ஒரு புள்ளிகூடப் பொய் கிடையாது.

ஹார்லன் டைக்ஸ்ட்ராவிடம் அறுபத்தொன்பதாம் வருஷத்து ஷெவெல் கார் ஒன்று இருந்தது. அதன் ஸ்டீயரிங் பெட்டி தேய்ந்து பிளே, அதாவது தளர்ச்சி, வந்துவிட்டது. எல்லாக் காரிலும் வருகிற பிளே அல்ல. முடிதிருத்தும் கடைக்கு எதிரே ஸ்டீயரிங்கைத் திருப்பினால், கார் அதைக் கொஞ்சம் யோசித்து, நாலு கடை தள்ளி வங்கி முனையில்தான் திரும்பும். ஹார்லனும் வருஷக்கணக்காக முந்தித் திருப்பியே சமாளித்துவந்தார்.

போன கோடையில் பழைய கார்களின் ஊர்வலம் நடந்தபோது, அவர் மனைவி டோரீன் நடுத்தெருவில் இறங்கிக்கொண்டாள். ஊரே பார்க்க நடந்து வீட்டுக்குப் போனாள்.

"அடுத்த ஊர்வலத்துல இது திருப்புன பக்கம் திரும்பணும். இல்லேன்னா மெர்லுக்குக் குடுத்துடு."

மெர்ல் அவளுடைய தம்பி. அந்தக் காரின் மேல் அவனுக்கு வெகுநாளாகக் கண். அந்த ஒரு வருஷமும் கோபப்படுவதிலேயே போய்விட்டதால், பெட்டியை மாற்ற ஹார்லனுக்கு ஊர்வலத்துக்கு முதல் நாள்தான் நேரம் கிடைத்தது.

கொட்டகையில் காரைத் தூக்கி நிறுத்தி அடியில் படுத்தார். பெட்டியைச் சட்டத்தோடு பிடித்திருந்த போல்ட்டுகள் மரியாதையாகக் கழன்றன. பெட்டியின் தண்டைக் கவ்வியிருந்த பிட்மன் கை என்ற இரும்புத் துண்டு மட்டும் அசையவில்லை. எண்ணெய் விட்டார், சுத்தியலால் அடித்தார், தீயால் சுட்டார். மெர்ல் ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டு, பீர் குடித்தபடி வேடிக்கை பார்த்தான்.

"மச்சான், அது பூட்டியிருக்கா, இல்ல உங்களுக்குத்தான் தெம்பு போயிடுச்சா?"

"வாய மூடுடா."

"டேங்க்க மட்டும் நெறச்சு வச்சிருங்க. நாளைக்கு நான் ஓட்டிட்டுப் போறப்ப நடுவழியில நிக்கக்கூடாது பாருங்க."

அப்போது ஹார்லன் வாயிலிருந்து ஒரு வசவு வந்தது. அதை இங்கே எழுதினால் தாள் கருகிவிடும். கொட்டகைச் சுவரின் பெயின்ட் உரிந்து சுருண்டது. மெர்லின் பீர் கொதித்தது. மூன்று தெரு தள்ளி தேவாலய மணி தானாக அடித்தது. பிட்மன் கை செக்கச் சிவந்து, வெட்கம் தாங்காமல் தானே கழன்று அவர் நெற்றியில் விழுந்தது. அதற்கும் ஒன்று சொன்னார். புதுப் பெட்டியின் போல்ட்டுகள் பயந்துபோய்த் தாமாகவே ஏறி இறுகிக்கொண்டன.

மறுநாள் டோரீன் கைப்பையை மடியில் வைத்து, உதட்டை இறுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். எட்டு சிலிண்டரும் உறுமின. முடிதிருத்தும் கடை வந்தது. பழகிய கை, வங்கி முனைக்காக முந்தித் திருப்பியது.

புதுப் பெட்டி யோசிக்கவில்லை. கார் அங்கேயே திரும்பியது.

அங்கே மெர்ல் அதே நாற்காலியில் உட்கார்ந்து, கடுகுச்சாறு விட்ட சாசேஜ் ரொட்டி தின்றுகொண்டிருந்தான். நாற்காலி காருக்கு அடியில் போனது. காரின் மூக்கு கடைக்குள் போனது. மெர்ல் பானெட்டின் மேல் நின்றான். ரொட்டி கையிலேயே இருந்தது, ஒரு சொட்டுக் கடுகுச்சாறு சிந்தவில்லை.

"அக்கா, பாத்தியா? கார் இனி என்னுது. சாவியக் குடுக்கச் சொல்லு."

"மொதல்ல பானெட்ட விட்டு எறங்குடா. பள்ளம் விழுது" என்று ஹார்லன் பல்லைக் கடித்தார்.

டோரீன் ஸ்டீயரிங்கைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"திருப்புன பக்கம் திரும்புச்சில்ல? பெட்டி சரியாத்தான் இருக்கு. பிளே இப்ப இந்த மனுஷன்கிட்ட இருக்கு. நகரு, ஹார்லன்."

மெர்லுக்குக் கார் கிடைக்கவில்லை, ஹார்லனுக்கு ஸ்டீயரிங் கிடைக்கவில்லை. டோரீன் காரைப் பின்னுக்கு எடுத்து, மிச்ச ஊர்வலத்தையும் அவளே ஓட்டினாள். மடியில் அவளுடைய கைப்பையோடு ஹார்லன் பக்கத்தில் உட்கார்ந்து, வழியில் கையசைத்தவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டே போனார்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அந்தக் காரில் எஞ்சின் கிடையாது. எண்பத்து மூன்றாம் வருஷமே மெர்ல் அதைக் கழற்றித் தன் மீன்பிடிப் படகில் மாட்டிக்கொண்டான்.