கடற்சிங்கம் படுத்த கால்சட்டை

புவெர்த்தோ அயோரா என்ற தீவுத் துறைமுக ஊரில் டாக்சி ஓட்டும் எடில்பெர்த்தோ, பர்த்தொலொமே தீவைப் பற்றிப் பதினெட்டு வருஷமாகப் பயணிகளிடம் அளந்துகொண்டிருந்தார். "உச்சியில நின்னா நிலாவுல நிக்கிற மாதிரியே இருக்கும் சார்!" தீவில் அவர் கால் வைத்ததே இல்லை. படகு என்றாலே குடலைப் புரட்டும்.

சுற்றுலா வழிகாட்டியாக இருக்கும் அண்ணன் மகள் சொராய்தா, ஒருநாள் அந்தத் தீவுக்குப் போகும் படகில் இரண்டு இடம் காலி என்று சித்தப்பாவையும் சித்தி நர்தேலியாவையும் இழுத்துப் போய்விட்டாள்.

வழியெல்லாம் வாந்தி. முந்நூற்றுச் சொச்சம் மரப்படி ஏறி உச்சியை அடைந்தார்கள். கறுத்து உறைந்த எரிமலைக் குழம்பு, செந்நிறக் கூம்புகள், கீழே இருபுறமும் வளைந்த கடல்.

"என்ன, நிலா மாதிரி இருக்கா?" என்றாள் நர்தேலியா.

"நான் அளந்ததைவிட நல்லாத்தான்டி இருக்கு."

கீழே இறங்கியதும் கால்சட்டையைக் கழற்றி மணலில் போட்டுவிட்டு, நீச்சல் அரைக்கால்சட்டையோடு, ஆழத்துக்குப் போகப் பயந்து முழங்கால் தண்ணீரிலேயே நின்றார். திரும்பிப் பார்த்தால் கால்சட்டைமேல் ஒரு கடற்சிங்கம் குட்டியோடு குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"நில்லுங்க சித்தப்பா! ரெண்டு மீட்டர் தள்ளி நிக்கணும், அதான் சட்டம்."

"சரிம்மா, அப்ப கால்சட்டையை விட்டுட்டே போறேன்."

"தீவுல எதையும் விட்டுட்டுப் போகவும் கூடாது."

"அப்ப நான் என்னதான் பண்றது?"

"நீங்களும் பக்கத்துல படுங்க. ரெண்டு மீட்டர் தள்ளி," என்றாள் நர்தேலியா.

ஒரு மணி நேரம் போனது. படகு இரண்டு முறை சங்கு ஊதியது. அப்போது குட்டி விழித்து, கால்சட்டையைக் கவ்விக்கொண்டு கடலுக்குள் ஓடியது. ஆத்திரத்தில் எடில்பெர்த்தோவும் பயம் மறந்து பாய்ந்தார்.

"துரத்தாதீங்க சித்தப்பா! அசையாம மிதங்க!"

மிதந்தார். குட்டி அவரைச் சுற்றிச் சுற்றி வந்தது; தலைகீழாகப் புரண்டு முகத்துக்கு நேரே குமிழி விட்டது. ஒரு பென்குயின் துப்பாக்கிக் குண்டு மாதிரி நடுவே பாய்ந்து போனது. கடைசியில் விளையாட்டு சலித்த குட்டி, கால்சட்டையை அவர் தலையிலேயே போட்டுவிட்டுப் போனது.

படகில் ஏறியதும் நர்தேலியா சிரித்துச் சிரித்துப் பலகையில் உட்கார்ந்துவிட்டாள். எடில்பெர்த்தோ ஈரக் கால்சட்டையைப் பிழிந்தபடி சொராய்தாவைப் பார்த்தார்.

"ஏம்மா, இன்னொரு தடவை தண்ணியில இறங்கிட்டு வந்துடட்டுமா? அஞ்சே நிமிஷம்."